தன் அணியின் தோல்வியை விரும்பும் மனம்

கற்பிட்டி முனையிலிருந்து தெற்கே சிலாபத்துக்கு அப்பாலும் நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கடற்கரை, இலங்கையின் பல்லின வாழ்வை ஒரே பார்வையில் காட்டும் இடங்களுள் ஒன்று. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே தென்னந்தோப்பும் உப்பளமும் மீன்வாடியுமாக அமைந்தது அந்நிலம். 1344ஆம் ஆண்டில் உலகப் பயணி இப்னு பதூதா வந்திறங்கிய கரை அது. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டிய கரையும் அதுவே. தமிழ் பேசும் முஸ்லிம்களும், உடப்பு முதலிய ஊர்களில் வாழும் இந்துத் தமிழரும், கத்தோலிக்க மீனவரும், சிங்களம் பேசும் பௌத்தரும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர்.

இத்தகைய ஊர்களில் இலங்கை அணி பிறிதொரு நாட்டு அணியோடு கிரிக்கெட் ஆடும் நாளில் ஒரு புதுமையைக் காணலாம். வானொலியைச் சுற்றியிருப்போர் அனைவரும் ஒரே செய்திக்கு மகிழ்வதில்லை. இலங்கையின் விக்கெட்டு ஒன்று வீழ்ந்தது என்னும் சொல் கேட்டதும் ஒரு வீட்டில் பெருமூச்சு எழும். அடுத்த வீட்டில் அடக்கிய புன்னகை தோன்றும். மூன்றாவது வீட்டில் வெளிப்படையான கைதட்டலே கேட்கும். கைதட்டியவனை நோக்கிப் பெருமூச்செறிந்தவன், "உண்பது இந்த நாட்டுச் சோறு, வாழ்த்துவது வேற்று நாட்டையா?" என்று கேட்பான். விளையாட்டில் எழுந்த சொல் விளையாட்டோடு நில்லாது, துரோகி என்னும் பட்டம் வரை வளர்ந்து விடுவதும் உண்டு.

தன் நாட்டு வீரர் தோற்க வேண்டுமென ஒருவன் விரும்புவது ஏன்? இவ்வினாவுக்கு நன்றி கெட்ட தன்மை என்று விடை கூறி அமைவது எளிது. ஆயின் வரலாற்றைப் புரட்டுவார்க்கு அவ்விடை போதாது. இம்மனநிலை ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரியதன்று. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில நீக்கத்தக்கவை.

கிரிக்கெட் இலங்கைக்கு ஆங்கிலேயரோடு வந்தது. கொழும்பில் ஐரோப்பியர் 1832ஆம் ஆண்டளவிலேயே அதனை ஆடத் தொடங்கினர். சுதேசிகள் அதனைக் கற்றுக்கொண்டபோது, தத்தம் இனத்துக்கென்று தனித்தனிக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். மலாயர் கழகம் 1872இலும், பறங்கியர் கழகம் 1896இலும், சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியன் கழகமும் 1899இலும், சோனகர் கழகம் 1908இலும் தோன்றின. எவ்வினத்தையும் சாராதவர் எனப் பொருள்படும் பெயரோடு 1888இல் தோன்றிய நொண்டஸ்கிறிப்ற்ஸ் கழகம் இதற்கு ஒரு விலக்கு. நாடு என்னும் அணி உருப்பெறுமுன்பே இனம் என்னும் அணி உருப்பெற்று விட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. தமிழ் யூனியனுக்கும் சிங்களக் கழகத்துக்கும் ஆட்டம் நிகழுங்கால், தன்னினத்தாரை வாழ்த்துவது எவருக்கும் குற்றமாகத் தோன்றியதில்லை. கைதட்டக் கற்ற முதற் பாடமே அதுவாயிருந்தது.

இந்தியாவிலும் இதுவே நிலை. பம்பாயில் நடைபெற்ற புகழ்பெற்ற போட்டியில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எனச் சமயத்தாலும் இனத்தாலும் பிரிந்த அணிகளே மோதின. பின்னர் ஏனையோர் என ஐந்தாம் அணியும் சேர்ந்தது. மகாத்மா காந்தி 1940இல் இம்முறையைக் கண்டித்தார். விளையாட்டு மைதானத்தில் வகுப்புப் பிரிவினைக்கு இடம் எதற்கு என்பதே அவர் கருத்து. 1946ஆம் ஆண்டோடு அப்போட்டி முடிவுற்றது.

ஆயினும் இனக் கழகங்கள் இருந்த அதே இலங்கையில், நாட்டணி அனைவருக்கும் பொதுவாக விளங்கிய காலமும் உண்டு. தமிழ் யூனியன் வீரரான மகாதேவா சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்துப் புகழ் பெற்றார். 1948இல் பிரட்மன் தலைமையில் இங்கிலாந்து நோக்கிச் சென்ற அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. சிங்களவரும் பறங்கியரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒருங்கே அவருடைய துடுப்பின் அழகை வியந்தனர்.

அதே 1948ஆம் ஆண்டு வேறொன்றையும் கண்டது. சுதந்திர இலங்கை இயற்றிய பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் கலவரங்கள் நிகழ்ந்தன. அதன்பின் 2009 வரை நீடித்த போர் மூண்டது. இலங்கை 1982 பெப்ரவரி மாதத்தில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அடுத்த ஆண்டிலேயே கொழும்பு எரிந்தது. நாட்டணி உலக அரங்கில் ஏறிய காலமும், நாட்டு மக்களுள் ஒரு பகுதியினர் நாட்டின் மீது நம்பிக்கை இழந்த காலமும் ஒன்றாயின. சிங்கக் கொடியைச் சுமந்து வரும் பதினொருவர், அவ்வாறு நம்பிக்கை இழந்தார் கண்ணுக்கு விளையாட்டு வீரராகத் தோன்றவில்லை. அரசின் முகமாகவே தோன்றினர்.

இவ்வாறு நிகழ்தல் இலங்கைக்கே உரியதன்று என்பதற்குத் தென்னாபிரிக்கா சிறந்த சான்று. நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்நாட்டு அணிகளில் பெரும்பாலும் வெள்ளையரே இடம்பெற்றனர். மைதானங்களிலும் கறுப்பினத்தார்க்கும் கலப்பினத்தார்க்கும் தனியே ஓர் ஓரம் ஒதுக்கப்பட்டது. கேப்டவுன் நகரத்து நியூலண்ட்ஸ் மைதானத்தில் அவ்வோரத்தில் நின்றவர்கள், அவுஸ்திரேலியரோ நியூசிலாந்தரோ வரும்போதெல்லாம் வந்தவரையே வாழ்த்தினர். தென்னாபிரிக்காவின் ரக்பி அணி வீழ்வதைக் கண்டு மகிழ்ந்தனர். சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவும் அவருடைய தோழரும் அந்த அணிக்கு எதிரானவரையே ஆதரித்தனர். அவர்களைத் தம் நாட்டை வெறுத்தவர் என்று இன்று எவரும் கூறார். நாட்டை நேசித்தமையாலேயே, அந்த நாட்டின் பெயரைத் தமக்கென வைத்துக்கொண்ட அணியின் தோல்வியை விரும்பினர்.

1983 ஒக்டோபர் 13ஆம் நாள் காஷ்மீரின் சிறீநகரில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளோடு ஆடியது. உலகக் கிண்ணத்தை வென்று நான்கு மாதமும் நிறையாத இந்திய அணி அது. ஆயினும் பார்வையாளரிற் பெருந்தொகையினர் மேற்கிந்தியரையே வாழ்த்தினர். இந்திய வீரர் எள்ளி நகையாடப்பட்டனர். உலகக் கிண்ணம் வென்ற புகழும் ஓர் அரசியல் மனக்குறையை மூடி மறைக்கப் போதியதாயில்லை.

1990இல் இங்கிலாந்தின் அரசியல்வாதி நோர்மன் டெபிட் ஒரு சோதனையை முன்மொழிந்தார். இங்கிலாந்தில் குடியேறிய ஆசிய மக்கள் கிரிக்கெட் ஆட்டத்தில் எந்த அணியை வாழ்த்துகின்றனர் என்று பார்த்தால், அவர்களின் விசுவாசம் விளங்கிவிடும் என்பது அவர் கருத்து. கிரிக்கெட் சோதனை என்று பெயர் பெற்ற அக்கூற்று பெரும் சர்ச்சையை எழுப்பியது. ஒருவன் வரி செலுத்துகிறானா, சட்டத்தை மதிக்கிறானா, அயலானுக்கு உதவுகிறானா என்பவற்றையெல்லாம் விடுத்து, அவன் எப்போது கைதட்டுகிறான் என்பதைக் கொண்டு குடிமைப் பண்பை அளப்பது முறையாகுமா? பிறந்த நாட்டின் நினைவு விளையாட்டிலேனும் சிறிது வாழட்டும் என விரும்புவது குற்றமாகுமா? இவ்வினாக்களுக்கு அச்சோதனையில் விடை இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பிறிதோர் அணியை விரும்புதல் வேறு. தன் அணியின் தோல்வியை விரும்புதல் வேறு. முன்னது பெரும்பாலும் அன்பினால் நிகழ்வது. பின்னது புண்பட்ட மனத்தினால் நிகழ்வது. இலங்கை முஸ்லிம்களிற் சிலர் பாக்கிஸ்தான் அணியை விரும்புவது முன்னதன் பாற்படும். சமய உறவும், அவ்வணியின் வேகப் பந்துவீச்சாளர் மீதுள்ள வியப்பும் அதற்குக் காரணம். அவர்களே இலங்கை அவுஸ்திரேலியாவோடு ஆடும்போது இலங்கைக்காக மனமுருகுவர். தமிழர் பலர் இந்தியாவை விரும்பியதற்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவை அடுத்த கரையோரத்தார்க்குத் தமிழ்நாட்டு வானொலி தொலைவானதன்று. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் முதலியோர் தமிழில் வழங்கிய நேர்முக வருணனை, கிரிக்கெட்டைத் தாய்மொழியில் சுவைக்க வழி செய்தது. தன் மொழியில் ஆட்டத்தை விளக்குபவனின் பக்கம் மனம் சாய்வது இயல்பு.

இவ்விருவகை மனநிலையையும் பிரித்தறியாது, அனைத்தையும் துரோகம் என்றே கூறும்போது தீமை விளைகிறது. பாக்கிஸ்தானை வாழ்த்திய இளைஞனை இந்நாட்டான் அல்லன் என்று பலமுறை கூறுவோர், அவன் உள்ளத்தில் இல்லாத பகையை அங்கே விதைக்கின்றனர். வேற்றான் என அழைக்கப்பட்டவன் நாளடைவில் வேற்றானாகவே நிற்கத் துணிகிறான். அன்பினால் ஓர் அணியை விரும்பியவன், புண்பட்டபின் மற்றோர் அணியின் வீழ்ச்சியை விரும்பத் தொடங்குகிறான். விசுவாசத்தைச் சோதிப்பவர், தாம் தேடும் விசுவாசமின்மையைத் தாமே உண்டாக்குகின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

புத்தளக் கரை இவ்வுண்மையை இன்னொரு வகையிலும் அறியும். 1990 ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடும் நிலமும் பொருளும் இழந்து வெளியேறினர்; அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். தமிழே தாய்மொழியான அம்மக்கள் தமிழரின் பெயரால் துரத்தப்பட்டனர். அரசின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் எந்த அணியை வாழ்த்த வேண்டும் என்று எவர் கட்டளையிடுவது? தன்னைக் காக்கத் தவறிய எந்தக் கொடிக்காகவும் மனம் எளிதில் துள்ளுவதில்லை. அக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும், தமிழர் மீதும் அக்குறை சாரும் என்பதற்கும் இக்கரையின் அகதி முகாம்கள் சான்றாய் நின்றன.

தன் அணியின் தோல்வியை விரும்புவோர் சிறுபான்மையினர் மட்டுமே என்று எண்ணுதலும் தவறு. பெரும்பான்மை மக்களிடையேயும் இவ்விருப்பம் தோன்றுவதுண்டு; ஆயின் அதன் காரணம் வேறு. 2023 செப்டெம்பர் 17ஆம் நாள் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 50 ஓட்டங்களுக்குள் சுருண்டது. நவம்பர் 2ஆம் நாள் மும்பையில் உலகக் கிண்ண ஆட்டத்தில் 55 ஓட்டங்களுக்கு வீழ்ந்தது. இரண்டிலும் எதிரணி இந்தியாவே. நான்கு நாள்களில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்தார். நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாடாளுமன்றம் நிர்வாகத்தை நீக்குமாறு ஒருமனதாகத் தீர்மானித்தது. 10ஆம் நாள் சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இத்தகைய காலங்களில், இன்னும் ஒரு தோல்வி வந்தாலேனும் நிர்வாகம் திருந்தும் என்று அணியை உயிராய் நேசித்த இரசிகனே எண்ணுவான். நோயாளி மருந்தின் கசப்பை வேண்டுவது போன்றது அது.

இதற்கு முற்றிலும் மாறான சினமும் உண்டு. 1996 மார்ச் 13ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில், இலங்கையின் 251 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என வீழ்ந்தபோது, இந்தியரே போத்தல்களை மைதானத்தில் எறிந்தனர். இருக்கைகளுக்குத் தீயும் மூட்டினர். ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. தோல்வியை விரும்பாதவரே அங்கே தம் அணியை இழிவுபடுத்தினர். அளவிறந்த பற்று, பற்றின்மையை விடக் கேடு சூழ்வதற்கு அந்நாள் எடுத்துக்காட்டு.

அவ்வுலகக் கிண்ணத்தின் ஏனைய நிகழ்ச்சிகளும் எண்ணத்தக்கவை. 1996 சனவரி 31ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பில் சிதைந்தது, பலர் மாண்டனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அப்போது இந்தியரும் பாக்கிஸ்தானியரும் ஒரே அணியாய் இணைந்து, பெப்ரவரி 13ஆம் நாள் கொழும்பில் ஆடி இலங்கைக்கு ஆறுதல் அளித்தனர். மார்ச் 17இல் லாகூரில் இலங்கை அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்றபோது, மைதானத்தை நிறைத்த பாக்கிஸ்தானியர் இலங்கையையே வாழ்த்தினர். இந்தியாவை விரும்பிய தமிழனும், பாக்கிஸ்தானை விரும்பிய முஸ்லிமும், இலங்கையை விரும்பிய சிங்களவனும் அந்த ஒரு மாதத்தில் ஒருவரையொருவர் பகையாது மகிழ்ந்திருக்க இடமிருந்தது.

அவ்வெற்றி அணியில் கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் இருந்தார். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளியின் பேரன் அவர். 1977 கலவரத்தின் தீ அவர் குடும்பத்தையும் தொட்டது. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ணில் அவருடைய பந்துவீச்சு முறையற்றதென நடுவர் அறிவித்தார். 1999 சனவரியில் அடிலெயிட்டில் மீண்டும் அவ்வாறு நிகழ்ந்தபோது, அணித்தலைவர் அர்ச்சுன ரணதுங்க தம் வீரரை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை சென்று வாதிட்டார். ஒரு தமிழ் வீரனுக்காகச் சிங்களத் தலைவன் உலகின் முன் விரல் நீட்டி நின்ற காட்சி, சட்டங்கள் பல செய்யாத பணியைச் செய்தது. 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆயினும் ஒருவரது புகழ் ஓர் இனத்தின் குறையைத் தீர்த்துவிடாது. 2011 ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கிண்ண இறுதியில் மோதின. போர் முடிந்து இரண்டாண்டும் நிறையவில்லை. இலங்கை அணியில் முரளிதரன் இருந்தும், தமிழர் பலர் இந்தியாவின் வெற்றிக்கு மகிழ்ந்தனர். 2013இல் கார்டிவ் நகரில் இலங்கை ஆடியபோது, புலம்பெயர்ந்த தமிழர் சிலர் மைதானத்தினுள் ஓடி எதிர்ப்புக் காட்டினர். அதே ஆண்டு சென்னையில் இலங்கை வீரர் ஆடத் தடை எழுந்தது. முள்ளிவாய்க்காலில் உறவினரை இழந்தவர் ஓட்டக் கணக்கில் ஆறுதல் தேடினர் என்பதே உண்மை. ஆறுதல் கிடைத்ததா என்பது வேறு.

மனம் மாறுவது எவ்வாறு? 1995 ஜூன் 24ஆம் நாள் ஜோகன்னஸ்பேர்க்கில் ரக்பி உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. ஒரு காலத்தில் எதிரணியை வாழ்த்திய மண்டேலா, அந்நாளில் குடியரசுத் தலைவராக, அணித்தலைவர் பிரான்சுவா பினாரின் ஆறாம் இலக்கச் சட்டையை அணிந்து மைதானத்தில் இறங்கினார். தென்னாபிரிக்கா நியூசிலாந்தை 15க்கு 12 என வென்றது. சட்டை பழையதே, அதன் பின்னிருந்த நாடு புதியது. வாக்குரிமை முன்னே வந்தது. கைதட்டல் பின்னே வந்தது. இவ்வரிசையை மாற்றி, முதலில் கைதட்டுக, உரிமையைப் பின்னர் பார்ப்போம் என்று கேட்பவர் எந்த நாட்டிலும் வெற்றி பெற்றதில்லை.

இலங்கையிலும் ஒரு சிறு தொடக்கம் உண்டு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற லங்கா பிரீமியர் லீக்கின் முதற் போட்டியில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி ஆடியது. அதன் தலைவர் திசர பெரேரா. அணியில் யாழ்ப்பாண மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்தும் ஆடினார். கிண்ணத்தை அந்த அணியே வென்றது. சிங்களத் தலைவன் தாங்கிய கிண்ணத்தின் மேல் யாழ்ப்பாணத்தின் பெயர் இருந்தது. தம் ஊரின் பெயரும் தம் பிள்ளையின் முகமும் அணியில் இருந்தபோது, வடக்கில் பலர் தயக்கமின்றி வாழ்த்தினர். 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே ஆண்டுதோறும் பெரும் போட்டி நடந்துவரும் நகருக்கு, அவ்வாய்ப்பு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

புத்தளக் கரையிலும் திறமைக்குக் குறைவில்லை. சிலாபத்தின் மேரியன்ஸ் கழகம் நாட்டின் முதல்தரப் போட்டிகளில் ஆடியுள்ளது. சிலாபத்தில் பிறந்த சமிந்த எரங்க இலங்கைக்காகப் பந்து வீசினார். ஆயினும் கரையின் பிள்ளைகள் தமிழ்மொழிப் பள்ளி, சிங்களமொழிப் பள்ளி எனப் பிரிந்தே கற்கின்றனர். ஒரே தெருவின் இருபுறத்துச் சிறுவர் ஒருவருக்கொருவர் பந்து வீசாமலே வளர்ந்து விடுவது உண்டு. ஒன்றாக ஆடி வளராதவரை ஒன்றாகக் கைதட்டுமாறு கேட்பது, விதையாத வயலில் அறுவடை கேட்பதாகும். நாட்டணியைப் பொதுவாக்கும் பணி கொழும்பின் பெரிய அரங்கில் தொடங்குவதன்று. ஊர்ப்பள்ளியின் மணல்வெளியில் தொடங்குவது.

ஆகவே, அடுத்த ஆட்டத்து நாளில் அயல்வீட்டான் தவறான வேளையில் கைதட்டினால், அவனை நோக்கி நீ யார் பக்கம் என்று வினவுவது பயனற்றது. அவன் கைதட்டுவது ஏன் என்று வினவுவதே பயனுடையது. அவ்விடை சில வேளை வெறும் விருப்பமாயிருக்கும், அதனை விட்டுவிடலாம். சில வேளை அது ஒரு வழக்காயிருக்கும். இழந்த வீட்டையோ, மறுக்கப்பட்ட மொழியையோ, திரும்பி வராத மகனையோ பற்றிய வழக்கு. அவ்வழக்கைச் செவிமடுக்கும் நாடு தன் இரசிகரைத் தேடிப் பெறும். செவிமடுக்காத நாட்டின் தோல்வியில், அதன் பிள்ளைகளுட் சிலர் என்றும் ஒரு சிறு நீதியைக் கண்டுகொண்டேயிருப்பர்.